மரைகள் பிடி விட்ட வியாழக்கிழமை

பட்டறைத் தெரு தெய்வசிகாமணி, ரெஜினா டீச்சருடைய பழைய ஃபியட் காரின் மூன்றாம் ஸ்பார்க் பிளக்கை முடுக்கிவிட்டு, கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு, "கிண்ணுன்னு இருக்குதுங் டீச்சர், இனிப் பத்து வருசத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்" என்று சொன்ன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, செங்கோடம்பாளையத்தில் இருந்த எல்லா மரைகளும் பிடியை விட்டன. போல்ட்டின் உடம்பிலும் அது போய் உட்காரும் ஓட்டையின் உள்சுவரிலும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிற பள்ளத்தைத்தான் மரை என்கிறோம். ஊரில் எதை எதோடு சேர்த்து வைத்திருக்கிறோமோ அதையெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அன்றைக்கு அவை உடையவில்லை, துருப்பிடிக்கவில்லை, தேயவுமில்லை. பார்த்தால் நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தன, பிடிக்க மட்டும் மாட்டோம் என்றன.

முதலில் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் சக்கர நட்டுகள் பொரி கொட்டுகிற மாதிரி கொட்டின; பிறகு தெருக்குழாய்கள் தலையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரை வானத்துக்கு அனுப்பின; சலூன் நாற்காலி பாதி முகம் மழித்த ஆளோடு மெதுவாகத் தரைக்கு இறங்கியது; ஊறுகாய் ஜாடி, தேங்காயெண்ணெய் பாட்டில், பேனா, மூக்குக்கண்ணாடி, கிரைண்டர், சைக்கிள் மணி என்று ஒவ்வொன்றும் தன்னைத்தானே இரண்டாக்கிக்கொண்டது; பெண்களின் காதிலிருந்து கம்மல்களும் மூக்கிலிருந்து மூக்குத்திகளும் திருகைப் பிரிந்து விழ, கடைவீதி முழுக்கப் பெண்கள் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பல்புகள் மட்டும் எங்கள் ஊரில் திருகாமல், இரண்டு பின்களால் மாட்டுகிறவை என்பதால் தப்பித்தன. எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்று மாலைவரை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஊர் இதற்கெல்லாம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரைச் சுற்றித் தேங்காய்நார் ஆலைகள், நாரை முறுக்கிக் கயிறாக்குகிற வீடுகள். மதியத்துக்குள் கதவுக் கைப்பிடியில் கயிறு, குழாயில் கயிறு, மிக்ஸியில் கயிறு, கண்ணாடிக்காரர்களின் காதோரம் கயிறு. தாலிச் சங்கிலியின் திருகு கழன்ற பெண்கள் மஞ்சள் சரடுக்குத் திரும்பினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் வீணாகிறதே என்று பேரூராட்சித் தலைவர் மைக்கில் பேச வந்தார். மைக் ஸ்டாண்டும் பிடி விட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. அவரும் குனிந்தபடியே பேசி முடித்தார். எதற்கும் பழகிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள், கயிறு மட்டும் இருந்தால் போதும்.

மரைகள் போனதில் எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பின்னால் வெளியே வந்தவைதான் எங்களைத் தூக்கிப் போட்டன.

எங்கள் பட்டறைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினில் போல்ட் போகிற ஓட்டையில் மரை போய்விட்டால் அதை வண்டிக்காரரிடம் சொல்லக் கூடாது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பதுகூட எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய அவமானமில்லை, ஆனால் "என் கையால் மரை போச்சுங்க" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவன் தலை நிமிர்ந்து டீக்கடைக்கு வர முடியாது. அதனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்து, போல்ட்டைச் சுற்றிக் கட்டி, தளர்ந்த ஓட்டைக்குள் அழுத்தித் திருகி, "பக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இதற்குப் பட்டு கட்டுவது என்று பெயர். பட்டு கட்டின போல்ட் சில நாள் நிற்கும், சில மாதமும் நிற்கும், அதற்குள் வண்டி வேறு ஊருக்கோ வேறு கைக்கோ போய்விடும். நான் ரேடியேட்டர் பற்றவைக்கிறவன், எனக்கும் மரைக்கும் அவ்வளவு உறவில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு ஒரு வடிகுழாய்த் திருகுக்கு நானும் பட்டு கட்டியிருந்தேன். ஆகவே பத்தரை மணிக்கு எங்கள் தெருவின் பதினாறு பட்டறைக்காரர்களும் வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இது என்னால்தான் என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டு நின்றோம்.

தெய்வசிகாமணிக்கு முறுக்கும் அளவைக் காட்டுகிற ரெஞ்ச் எதுவும் கிடையாது. "என்ற மணிக்கட்டுதான் அளவு" என்பார். அந்த ஃபியட் எஞ்சினின் தலைப்பாகம் அலுமினியம், இளகிய சாதி, பிளக்கைச் சற்றே கோணலாக ஏற்றினால்கூடச் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்ளும், பிறகு கடைசிச் சுற்றில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி எல்லாம் விட்டுப்போகும். அன்று விட்டுப்போனது. இருபத்தெட்டு வருட மணிக்கட்டு அது. அவர் அரை நிமிடம்கூட யோசிக்காமல் பட்டு கட்டினார், யோசித்திருந்தால் எனக்கு அவர்மேல் கோபம் குறைந்திருக்கும்.

டீச்சரின் கார், சந்தை முக்கைத் தாண்டுவதற்குள் பிளக் வெடிபோல் கிளம்பி பானெட்டில் மோதியது. அந்தச் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. அது அடங்குவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் ஓடிவந்தது, சிவகாமி விழுந்துவிட்டாள் என்று.

சிவகாமி தெய்வசிகாமணியின் மனைவி, சத்துணவுக் கூடத்து அமைப்பாளர். போன வருடம் ஆடியில், வாய்க்கால் பாலத்துச் சரிவில் மொபெட்டில் இறங்கும்போது நிறுத்த முடியாமல் கட்டைச்சுவரில் மோதி, தொடை எலும்பு முறிந்து, அதில் ஒரு இரும்புத் தட்டும் எட்டுத் திருகாணிகளும் வைத்திருந்தார்கள். சரிவில் வேகமாக வந்தாள் என்று ஊர் சொன்னது. வேகமாகத்தான் வந்திருப்பேன் என்று அவளும் சொன்னாள். தெய்வசிகாமணி ஒரு சொல்கூடத் திட்டவில்லை. "உடுங்கப்பா, அவளுக்கு வண்டி கைக்கு அடங்காது, நடந்தே போய்க்கிட்டும்" என்று சொல்லி ஒரே வாரத்தில் மொபெட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் காதுபடவே பேசினார்கள். இந்தப் பதினோரு மாதத்தில், எழுந்து நடக்க முடிந்த நாள் முதல், அவள் இரண்டு மைல் தூரம் நொண்டி நொண்டி நடந்து பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

பத்தரை மணிக்குச் சாம்பார் அண்டாவின் முன்னால் நின்றிருந்தவளின் தொடைக்குள் எட்டுத் திருகாணிகளும் பிடியை விட்டன. கழன்று விழுந்த கதவு ஒன்றை எடுத்து அதில் அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எலும்பு டாக்டர் ஹரிகிருஷ்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார்.

"எலும்பு இன்னும் சரியாச் சேரலை, எட்டு ஸ்க்ரூவும் சும்மா நிக்குது. தட்டு நகர்ந்தா பக்கத்துல பெரிய ரத்தக்குழாய், அதனால இனி தூக்கவே கூடாது, வெளியூருக்கும் கொண்டு போக முடியாது. யாராச்சும் ரெண்டு கையாலயும் தொடையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள மரை திரும்பலைன்னா வீக்கம் ரத்தத்தை நிறுத்திரும், காலை எடுத்துத்தான் ஆகணும்."

தெய்வசிகாமணி உடனே சந்தை முக்குக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். சக்கரங்களைக் கயிற்றால் கட்டி, பத்துப் பேர் தள்ளி, அந்த ஃபியட்டைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். அங்கே, எங்கள் தெருவில் அதுவரை எந்த ஆணும் செய்யாத காரியத்தை அவர் எங்கள் எல்லோர் முன்னாலும் செய்தார்.

"டீச்சர், மூணாம் பிளக்குல என்ற கையால மரை போச்சுங்க. பட்டு கட்டி உங்களை ஏமாத்தீட்டனுங்க."

ரெஜினா டீச்சர் கணக்கு வாத்தியார். பேச்சை அளந்து பேசுகிறவர். காரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் காரைப் பார்த்தார்.

"மணியண்ணா, நீங்களா? எங்கப்பா சாகற வரைக்கும் இந்தக் காரை உங்களைத் தவிர ஒருத்தரைத் தொட உட்டதில்லைங்களே."

"நானேதானுங்க."

டீச்சர் அவரைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. டீச்சர் அறையவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "செரி, என்ன பண்ணோணும்னு சொல்லுங்க" என்றார்.

மரை வெட்டுகிற கருவியை டேப் என்போம். போன ஓட்டையைச் சற்றே பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினால், பழைய அளவு பிளக்கே அந்தச் சுருளின் நடுவில் முன்னைவிடக் கெட்டியாக உட்காரும். அரை நாள் வேலை, அவ்வளவுதான், அந்த அரை நாளுக்குச் சோம்பித்தான் நாங்கள் காலம் காலமாகப் பட்டு கட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் அன்றைக்கு டேப்பைப் பிடிக்கிற கைப்பிடியே திருகில் இறுகுவது, நிற்கவில்லை. வைஸ் என்னும் இடுக்கியும் திருகுதான், அதுவும் நிற்கவில்லை. ஆகவே டேப்பின் சதுரத் தலைக்கு ஒரு ரிங் ஸ்பானரைத் தட்டிச் செருகி, எஞ்சினை நான்கு பேர் நான்கு பக்கமும் மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேர் டேப்பின் உடம்பை விரல்களால் தாங்கிக்கொண்டு, கோணல் வராமல் இருக்க டீச்சர் பள்ளிக்கூடத்து மர மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒற்றைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "சித்தெ இந்தப் பக்கம், போதும், நேரு" என்று சொல்லச் சொல்ல, தெய்வசிகாமணி முக்கால் சுற்று முன்னேயும் கால் சுற்று பின்னேயுமாகத் திருப்பினார். அலுமினியப் பிசிறு உள்ளே விழாமல் இருக்க டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பியிருந்தது. ஒவ்வொரு தடவை வெளியே எடுத்துத் துடைக்கும்போதும் கிரீஸ் வெள்ளியாக மின்னியது. வெயில் சாய்கிற வரைக்கும் ஒருவரும் கையை எடுக்கவில்லை. சுருள் இறங்கியது. பிளக்கைக் கையால் வைத்து மெதுவாகத் திருகினார். அது பிடித்தது.

அதே நொடியில் மேல்நிலைத் தொட்டியின் பெரிய வால்வும் பிடித்தது, கிழக்கு வீதிக் குழாய்கள் நின்றன. தெய்வசிகாமணி கிரீஸ் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி, "புடிச்சுதுங்களா?" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

சிவகாமியின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் சுவரோரமாகப் போய் நின்றார். "ஏனுங்க, மொதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றாள் சிவகாமி, அவள் குணம் அது.

வெள்ளிக்கிழமை ஊரே பேச ஆரம்பித்தது. பட்டறைத் தெருவின் மற்றப் பதினைந்து பேரும் வண்டிக்காரர்களை வீடு தேடிப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மரை போனதைச் சொல்லி, வண்டியைக் கேட்டு வாங்கிவந்து, ஒருவர் எஞ்சினை இன்னொருவர் அணைத்துப் பிடித்து, டேப் அடித்துச் சுருள் வைத்தோம். ஒவ்வொரு ஓட்டை பிடிக்கும்போதும் ஊரில் எங்கோ சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றும் பிடித்தது. என் வடிகுழாய்த் திருகு பிடித்தபோது கடைவீதியில் பதினேழு மூக்குத்திகள் பிடித்ததாகச் சொன்னார்கள். யார் சொன்னால் எது பிடிக்கும் என்பதற்கு ஒரு முறையும் இல்லை. அதனால் பட்டறையைத் தாண்டி எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள்: தையல்காரர் மீந்த துணியைச் சொன்னார், ஜோசியர் தான் பார்த்துச் சேர்த்துவைத்த ஜாதகம் ஒன்று உண்மையில் சேரவில்லை என்று சொன்னார், தம்பி பாகத்துக்குள் வரப்பை நகர்த்தியதை அண்ணன் தம்பியின் காலடியில் உட்கார்ந்து சொன்னார். பால்காரரும் தண்ணீர் ஊற்றுவதைச் சொன்னார், அவருக்கு மட்டும் ஒன்றுமே பிடிக்கவில்லை, ஊருக்கே தெரிந்ததைச் சொன்னால் சேர்த்தி இல்லைபோல.

அந்த ஒரு நாளில் நாங்கள் கேட்டவற்றை ஒரு ஆயுளில் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திண்டாடினார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரே நேரத்தில் அழுகையும், குழாய் நிற்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை, அடிக்கிற அளவுக்குக்கூடத் தெம்பில்லாமல் எல்லோரும் திகைத்துப்போயிருந்தோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஊரில் எல்லாமே பிடித்துவிட்டன. கயிறுகளை அவிழ்த்துக் குவித்துவிட்டோம், பஸ் ஓடியது. சிவகாமியின் கால் மட்டும் பிடிக்கவில்லை. அது யானைக்கால்போல் வீங்கியிருந்தது. தொடையைப் பிடித்துக்கொள்ளும் முறை அப்போது என்னுடையது. என் உள்ளங்கைக்கு அடியில் திருகாணிகள் தளர்ந்து அசைவது எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"சிவகாமி, ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் அன்னைக்கு அஞ்சாவது ஸ்க்ரூவை இறுக்கினப்ப எலும்புல மரை போயிருச்சு. சும்மா சுத்துச்சு. மாத்திப் போட்டிருக்கலாம், நேரமாகுதுன்னு அப்படியே விட்டுட்டேன். வெளிய வந்து எல்லாம் நல்லாப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

டாக்டரும் பட்டு கட்டுவார் என்று எங்களில் யார் நினைத்தோம்? வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. என் கைக்கு அடியில் 'டிக்' என்று ஒன்று பிடித்தது.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "அஞ்சாவது பிடிச்சிருச்சு. மத்த ஏழும் அப்படியேதான் இருக்கு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்த ஏழையும் நான் சுத்தமாத்தான் போட்டேன். என் குழந்தை மேல சத்தியமா, என்கிட்ட வேற எதுவும் இல்லை."

அப்படியானால் அந்த ஏழும் யாருடையவை? வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். சமையல் உதவியாளர் முட்டையை வீட்டுக்குக் கொண்டு போனதைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி அவள் நொண்டுவதைப் போல நடந்து காட்டிச் சிரித்ததைச் சொல்லி அழுதாள். நானும் என்னிடம் இருந்த ஒன்றைச் சொன்னேன், அது இங்கே வேண்டாம். ஏழில் ஒன்றுகூட அசையவில்லை. மணி பதினொன்றரை. டாக்டர் உள்ளே போய் அறுவைக்கான சாமான்களைக் கொதிக்கவைக்கச் சொல்வது எங்கள் காதில் விழுந்தது.

தெய்வசிகாமணி சுவரோரமாகவே நின்றிருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. எங்களில் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை; அவர்தான் வியாழக்கிழமையே முதல் ஆளாகச் சொன்னவராயிற்றே. கட்டிலருகே வந்து, உட்காராமல், அவளைப் பார்க்காமல், அவள் காலைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மிணி, உன்ற வண்டியில பிரேக்குத் தண்டைப் புடிக்கிற போல்ட்டு. ஆடி ஒண்ணாந்தேதி மாட்டறப்ப மரை போயிருச்சு. ஊட்டு வண்டிதானேன்னு இருந்துட்டன். பட்டு கட்டீட்டன்."

சிவகாமி அவரையே பார்த்தாள்.

"எனக்கு வண்டி கைக்கு அடங்காதுன்னு சொன்னீங்க."

"பொய்யி. பாலத்துக்கு அடியில வண்டியைத் தூக்கறப்பவே பாத்தன். போல்ட்டைக் காணம். தாளு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துது. அதான் ஒரே வாரத்துல காயலான் கடைக்குப் போட்டன்."

என் கைக்கு அடியில் ஒன்று பிடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்தி நிறுத்தி, யாரோ உள்ளேயிருந்து நிதானமாக முறுக்குவது போல, ஏழும் பிடித்தன. டாக்டர் ஓடிவந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "எட்டும்" என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. பதினோரு மாதம் தன் வாயாலேயே தன்மேல் பழி போட்டுக்கொண்டு நடந்த ஒருத்தியின் முகத்தை நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அம்மிணி, அம்மிணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக விரித்துப் பார்த்தாள்.

"கையை எடுங்கண்ணா" என்றாள் என்னிடம்.

எடுத்தேன். அவள் காலைத் தரையில் ஊன்றி, யார் தோளையும் பிடிக்காமல் எழுந்து நின்று, "அப்ப எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்" என்றாள்.